ஒன்றும் இடாத குடுவை

லிட்டருக்குப் பெப்டோன் ஐந்து கிராம்,
உப்பு ஐந்து,
ஈஸ்ட் சாறு ஒன்றரை,
இன்னொரு சாறும் ஒன்றரை.
அந்த இன்னொன்றின் பெயர்
எங்கள் இருப்புப் பதிவேட்டில் இல்லை.
எனக்கு முன்னால் இருந்தவர்
‘சாறு, வகை இரண்டு’ என்று எழுதிவிட்டுப்
பட்டுக்கோட்டைக்கு மாற்றலாகிப் போனார்.
டப்பியின் மேல் மாட்டுப் படம் கிடையாது.
பழுப்புக் களிம்பு,
கரண்டியை விட்டு இறங்க மனமில்லாத பிசுபிசுப்பு.
கொதிக்கும்போது மட்டும்
நீடாமங்கலம் ரயிலடி வரைக்கும்
தான் யாரென்று சொல்லிவிடும்.

அந்த நேரம் பார்த்து வசுமதி மேடம்
கணக்குப் பார்க்க மாடிக்குப் போவார்.
நான் போவதில்லை.
எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையின் வாசனை அது.
நான் சொன்னதில்லை.
அவர் கேட்டதுமில்லை.

பிஹெச் ஏழுக்குக் கொண்டுவந்து
குடுவைக்குப் பஞ்சடைத்து, தாள் சுற்றி, நூல் கட்டி
ஆட்டோகிளேவில் ஏற்றினால்
பதினைந்து பவுண்டு, பதினைந்து நிமிடம்.
கலியபெருமாள் டீ குடித்துவிட்டு வருவதற்குள்
உள்ளே எல்லாம் செத்திருக்கும்.
இப்படிச் சுத்தமாகக் கொன்ற பிறகுதான்
வளர்ப்பதைப் பற்றிப் பேசவே முடியும்
இந்தத் தொழிலில்.

கொரடாச்சேரி வயலொன்றில்
நெல் வேரோடு ஒட்டிவந்த மண்ணிலிருந்து
பிரித்தெடுத்த பாஸ்போபாக்டீரியா.
மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்துக்குச் சாவி என்று
துண்டறிக்கையில் போட்டிருக்கிறோம்.
எனக்கு அது வளைகம்பி நுனியில்
இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஓர் அழுக்கு.
சுடரருகே பிடித்து, மூச்சடக்கி,
ஆறு குடுவையில் இட்டேன்.
ஏழாவதில் ஒன்றும் இடவில்லை.
அதன் வேலை சும்மா இருப்பது.
அது சும்மா இருந்தால்தான்
மற்ற ஆறும் சொல்வது உண்மை.

மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதென்று
காலையில் பேருந்தில் ஒரே பேச்சு.
பாலத்தில் நிறுத்தச் சொல்லி எட்டிப் பார்த்தார்கள்.
நுரை, செத்தை, ஒற்றை ரப்பர் செருப்பு,
அடி தெரியாத கலங்கல்.
பின்சீட்டில் யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்.
நானும் கலங்கலைப் பார்க்கத்தான்
போய்க்கொண்டிருந்தேன்.

ஆறும் கலங்கியிருந்தன.
விளக்கில் பிடித்து அசைத்தால்
பட்டுத்துணி உதறியதுபோல் உள்ளே ஒரு சுழல்.
ஏழாவதைத் தூக்கினேன்.
பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து
தெளிவாகத் தெரிய வேண்டும்.
‘நெல் கொள்முதல்’ என்ற இடத்தில்
‘நெல்’ மட்டும் தெரிந்தது.

பஞ்சு நனைந்திருந்ததா,
நூல் தளர்ந்ததா,
இரண்டு மணிக்குப் போன கரண்டா,
என் மூச்சா?

வாசலில் மூன்று டெம்போ.
நாற்றங்காலுக்கு நாளைக்கே வேண்டுமாம்.
உள்ளிக்கோட்டைக்காரர்
சாக்கை உதறி மடித்தே வைத்துவிட்டார்.
மேடம் இறங்கி வந்து குடுவையைப் பார்த்தார்.
“லேசாத்தானே இருக்கு?”
லேசாகத்தான் இருந்தது.
மண்ணுக்குப் போவதுதானே,
மண்ணில் இல்லாததா இதில் இருக்கப்போகிறது
என்று எனக்குமே தோன்றியது.

முகரக் கூடாதென்று
அவரே எழுதிச் சுவரில் ஒட்டிய தாளுக்குக் கீழே நின்று
பஞ்சைத் திருகி எடுத்து
முகர்ந்தார்.
முகம் சுளிக்கவில்லை.
ஆறில் ஒன்றைத் திறந்து அதையும் முகர்ந்தார்.
மறுபடி ஏழாவதை.
“இது நம்ம வாடை இல்ல, பிலோமினா.”

ஏழையும் ஆட்டோகிளேவில் ஏற்றினோம்.
கலியபெருமாள் இரண்டாவது டீக்குப் போனார்.
புதுப் பக்கம் புரட்டி, தேதி போட்டு,
பெப்டோன், உப்பு, ஈஸ்ட்,
பிறகு கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்திருந்து
மாட்டிறைச்சிச் சாறு ஒன்றரை கிராம்
என்று எழுதினேன்.
மேடம் வாசித்தார். கையெழுத்துப் போட்டார்.
அடுப்பு ஏறியதும்
வழக்கம்போல் மாடிக்குப் போனார்.

வெளியே போய், நான்கு நாள் ஆகும் என்றேன்.
உள்ளிக்கோட்டைக்காரர் கத்தவில்லை.
காலிச் சாக்கை வண்டிக்குள் எறிந்துவிட்டு
“நாலு நாள் ஆறு நிக்குமாம்மா?” என்றார்.