ஆரம்பாக்கத்திலிருந்து ஒசாகாவுக்கு வழி

நம்பா ஸ்டேஷனில் பதினான்காம் வாசல்.
படியேறியதும் இடதுகைப் பக்கம்
குடை ரிப்பேர்க்காரன் ஒருத்தன் இருப்பான்.
அவனைத் தாண்டி மூன்றாவது சந்து.
நீலத் திரை, எட்டே எட்டு இருக்கை,
பெயர்ப்பலகை கிடையாது.
தெரிந்தவன் உள்ளே போவான்,
தெரியாதவன்
எதிர்க்கடையில் நூடுல்ஸ் தின்றுவிட்டு
ஊருக்குப் போய்ப் பெருமை பேசுவான்.

நான் போனதில்லை.
எனக்கு ஒசாகா என்பது
ஆரம்பாக்கம் செக்போஸ்ட்டில்
லாரிக்குப் பின்னால் லாரியாக நிற்கும்
நாற்பது நிமிஷம்.

பின்சீட்டில் குரோனுமா சார்.
சார் என்றாலும் என்னைவிடப் பத்து வயது சின்னவர்.
தடா தாண்டி, பம்ப் செய்கிற கம்பெனி.
போக ரெண்டு மணி, வர ரெண்டு மணி,
நாலு வருஷம்.
ஆளுக்கு அரை இங்கிலீஷ்.
சேர்த்தால் ஒன்று வரவேண்டும்,
எங்களுக்கு முக்கால்தான் வந்தது.
அந்த முக்காலிலும்
அவர் மீனைத் தவிர வேறு பேசியதில்லை.

கறுப்பு அட்டை நோட்டு ஒன்று வைத்திருந்தார்.
நாற்பத்தியொரு சுஷி கடை.
நல்ல கடைக்கு ஒரு வட்டம்,
ரொம்ப நல்லதற்கு இரண்டு.
மூன்று வட்டம் ஒன்றே ஒன்றுக்கு.
அந்தப் பக்கத்தை மட்டும்
கையால் மறைத்துக்கொண்டு புரட்டுவார்.

கடைக்குள் மீன் வாடை அடித்தால் திரும்பிவிடு.
முதலில் முட்டையைக் கேள்,
முட்டை சரியில்லாத இடத்தில் மீன் சரியிருக்காது.
சோறு கைச்சூட்டில் இருக்கவேண்டும்.
வரிசை நிற்கிற கடையில்
நீ வரிசையைத்தான் தின்கிறாய்.

எங்கள் ஊரில் பச்சை மீனைப் பூனைதான் தின்னும்
என்றேன்.
எளாவூர் வரும்வரை யோசித்தார்.
பூனைக்கு வட்டம் போடத் தெரியாது
என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
பழவேற்காட்டுக்குக் கூட்டிப்போனேன்.
செவுளைத் தூக்கிப் பார்த்தார்,
கண்ணை அழுத்திப் பார்த்தார்,
வாலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.
கூடைக்காரி தேசம்மா கத்தினாள்:
மீன் வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?
இதைப் பெயர்த்துச் சொல்ல
முக்கால் போதவில்லை.
ஐஸில் வைத்து ஒரு கொடுவாவைக் கொண்டுபோனார்.
திங்கட்கிழமை உதட்டைப் பிதுக்கினார்.
ஏரி. சேறு. வட்டமில்லை.

தடா வரை நான் பேசவில்லை.

மறுநாள் குப்புலட்சுமி மடவை வறுத்துக் கொடுத்தாள்,
வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.
செக்போஸ்ட்டில் பொட்டலத்தைப் பின்னால் நீட்டினேன்.
முள்ளை வரிசையாக
என் டிக்கெட் புத்தகத்தின் மேல் அடுக்கினார்.
விரலைச் சப்பினார்.
நோட்டை எடுத்து எழுதி, காட்டினார்:
இரண்டு.
மூன்றாவது எங்கே சார்?
எண்ணெய்,
என்றார்.

போகும் அன்று, ஏர்போர்ட் வாசலில்,
பெட்டியை இறக்கிய பிறகு
மறைத்த பக்கத்தைத் திறந்தார்.
எழுத்து எனக்குப் புரியாதென்று
வாயாலும் சொன்னார், இரண்டு தடவை.
போலீஸ்காரன் விசிலடித்தபடியே இருந்தான்.

இப்போது பின்சீட்டில் முராகிஷி என்று புது ஆள்.
குனிந்த தலை, கையில் போன்.
நேற்றும் லாரிகள்.
பேச்சுக்குக் கேட்டேன்:
ஜப்பானில் எந்த ஊர் சார்?
ஒசாகா.
ஒசாகாவில்?
டென்மா.

வாய் தானாகத் திறந்துகொண்டது.
மார்க்கெட்டுக்குப் பின்னால், தபால்பெட்டி வைத்த சந்து.
ஒரு அம்மா தனியாக நின்று வெட்டுவாள்,
பேச மாட்டாள்.
செவ்வாய்க்கிழமை லீவு.
கானாங்கெளுத்தியைக் கடைசியில் கேட்கவேண்டும்,
முதலில் கேட்டால் தரமாட்டாள்.
போயிருக்கீங்களா?

போனைக் கவிழ்த்து வைத்தார்.
பிறந்ததே அங்கேதானாம்.
அப்படி ஒரு கடை கேள்விப்பட்டதில்லையாம்.
நீங்கள் எத்தனை முறை போனீர்கள்?

முன் லாரி நகர்ந்தது.
பர்மிட் தாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி
வெயிலில் கத்தினார் முராகிஷி:
தபால்பெட்டிக்கு
இடதா, வலதா?