கேஸ் ஷீட்

ஆபரேஷன் என்று எவரிடமும் சொல்லவில்லை.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனி லீவுக் கடிதத்தில்
'தங்கை கல்யாணம்' என்று எழுதினேன்.
எனக்குத் தங்கை கிடையாது.

மயக்கம் தெளியுமுன்
கொழுந்தன் புவனேசன் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான்:
'அண்ணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்',
கூப்பிய கைகள் மூன்று.
நல்லவன். அழுதுகொண்டேதான் எடுத்திருப்பான்,
என் முகம் ஆடியிருக்கிறது.
கட்டிலில் தொங்கிய கேஸ் ஷீட் மட்டும்
ஆடவில்லை:
பெயர், வயது, வார்டு,
எதை எடுத்தார்கள் என்பதும்.

வேலைக்குத் திரும்பிய அன்று
சூப்பர்வைசர் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
"வெயிட்டு தூக்காதம்மா" என்றார்
எல்லா மெஷினும் கேட்க.
சத்துவாச்சாரி முனையில் ஆட்டோக்காரர்
"இன்னாக்கா, கர்ப்பப்பையவே எட்த்துட்டாங்களாமே?"
பத்து ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.
அந்தப் பத்து ரூபாயை
பர்சில் வைக்கவும் மனமில்லை,
உண்டியலில் போடவும்.

"இருபத்துநாலு மணி நேரத்துல
தானா அழிஞ்சிடும் அண்ணி."
அழிந்தது, போனில்.

இவனை என்ன கேட்பது என்று
ராத்திரி வார்த்தை தேடியபடி
என் பழைய பதிவுகளைத் தள்ளிக்கொண்டே போனேன்.
நாத்தனார் மகள் இளவேனில்
வயசுக்கு வந்த அன்று,
பச்சை ஓலைக்குள் மஞ்சள் பூசி
உட்கார வைத்திருந்தவளை
நான் எடுத்துப் போட்ட படம்.
முன்னூற்று நாற்பது லைக்.
காலம்பூரா நல்லா இரும்மா என்று
முகம் தெரியாத ஆண்கள்.

அவள் கேமராவைப் பார்க்கவே இல்லை.
வெட்கம் என்று
நான்தான் மேலே எழுதியிருக்கிறேன்.