ஈரக் கழிவு

"ஆறு வருஷம் இருந்த இடம். ஏன் விடுறீங்க?"

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸிலேயே பாடம் பண்ணியிருந்தேன்.
கட்டபெட்டு வரை "முன்னேற்றம்".
வண்டிச்சோலை தாண்டியதும் "வீட்டுக்குப் பக்கம்".
(பொய். குன்னூருக்கு இரண்டு பஸ்.)

நான் ஃபாக்டரி வாசலில்
பச்சை இலை எடை போடுகிறவள்.
மழை நாளில் மூட்டைக்குள் தண்ணீர் நிற்கும்,
நூறுக்கு ஐந்து கழிப்பது நியாயம்.
பிறகு எட்டு என்றார்கள்.
பிறகு, மாசி வெயிலிலும் எட்டு.

மாதி ஒருநாள்
ரேஷன் கடைத் தராசில் நிறுத்துவிட்டு வந்தாள்:
நாற்பத்திரண்டு.
என் சீட்டில் முப்பத்தெட்டு.
அரைக் கிலோவைச் சில்லறை என்று
நானே விட்டிருந்தேன்.
அவள் சண்டை போடவில்லை.
சீட்டை நாலாக மடித்து
செல்போன் உறைக்குள் செருகிக்கொண்டு,
"நாளைக்கும் நீதானே இருப்பே?" என்றாள்.

அன்று ராத்திரியே எழுதிவிட்டேன் ராஜினாமாவை.
கொடுக்க மூன்று மாதமாயிற்று,
தங்கைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

"புதுசா ஏதாவது கத்துக்கணும் சார்."

தலையாட்டினார்.
ஜன்னல் கண்ணாடியில் மழை பிடித்துக்கொண்டது.
"சரி, இந்த மாதிரி நாள்ல
நூறுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"
குனிந்தபடியே கேட்டார்.

தொண்டை வரை வந்தது ஐந்து.
"மூட்டைக்குள்ள கையை விட்டுப் பார்த்துத்தான்
சொல்ல முடியும் சார்."

என் தாளின் ஓரத்தில்
ஏதோ ஒரு எண்ணை எழுதினார்.
மேசைக்கு இந்தப் பக்கமிருந்து
தலைகீழாகத்தான் படிக்க முடிந்தது.

8.
எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும்
அது அதேதான்.