பதினாலு சுத்து

விடியற்காலை மூன்றரைக்கு
கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் ஓரம்
இரும்பு மூடியைக் கடப்பாரையால் நெம்பி
வால்வு திறப்பது என் வேலை.
இருபத்தாறு வருஷம்.
மெயின் தெருவுக்குப் பதினாலு சுத்து,
மசூதிச் சந்துக்கு ஒன்பதரை.
எங்கும் எழுதி வைத்ததில்லை. கைக்குத் தெரியும்.

போன ஆடியில்
பதினோராவதில் கை நின்றது.
பன்னிரண்டா, பதிமூன்றா, இன்னும் தொடங்கவே இல்லையா?
கூட்ஸ் வண்டி ஒன்று
முழுசாய்ப் போய் முடியும்வரை
திருகுகோலைப் பிடித்தபடியே நின்றிருந்தேன்.

ஸ்டான்லியில் படம் எடுத்தார்கள்.
நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து.
கறுப்புத் தாளில் என் மூளை,
அதன்மேல் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.
“அழுத்தம் ஜாஸ்தி, அதனால
மூளைக்குப் போற ரத்தம் கம்மி” என்றாள் சின்ன டாக்டர்.
அதெப்படி என்று கேட்டார் பக்கத்துக் கட்டில்காரர்.
நான் கேட்கவில்லை.

கீழ்ப்பாக்கத்தில் மோட்டார் முக்கி முக்கித் தள்ளும்.
வெள்ளைக்காரன் புதைத்த குழாய்க்குள்
துரு வளர்ந்து தடித்து
சுண்டுவிரல் நுழையும் வழிதான் மிச்சம்.
கடைசி வீட்டு அடிபம்பில் நூலாய் ஒழுகும்.
ஓட்டம் செத்த இடத்தில்தான்
மூட்டில் அடைத்த ஈயம் பிடி விடும்.
ஒரு சாண் தள்ளி சாக்கடைக் குழாய்
அதற்காகவே படுத்திருக்கும்.

மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் அவள் வரைந்தாள்:
மயிரைவிட மெல்லிய நாளம்,
உட்சுவரில் இடைவெளியின்றிக் கைகோத்த செல்கள்.
சர்க்கரைக்கு வழி உண்டு, காற்றுக்கு உண்டு,
மற்றதெல்லாம் வாசலோடு சரி.
“பட்டினி போட்டா இதுங்க கை தளர்ந்துடும்.
ரத்தத்தோட இருக்க வேண்டியது
மூளைக்குள்ள கசியும்.”
பேனா முனையால் ஒரு புள்ளி குத்தினாள்.
நாற்றம் வருமா என்று கேட்க வாயெடுத்தேன்.

“மாத்திரைய எத்தன மாசமா விட்டீங்க?”
ஞாபகமில்லை என்றேன். பொய்.
ஏழு மாசம்.
தலை சுற்றவில்லை, எங்கும் வலிக்கவில்லை.
ராத்திரி முழுக்க முழித்தவனுக்கு
செவ்வாய்க்கிழமை வரிசையில் நிற்க மனசில்லை.

இன்று மறுபடி மூடியை நெம்பினேன்.
சட்டைப்பையில் மாத்திரை அட்டை, இரண்டு குழி காலி.
பல்கிஸ் தான் முதல் ஆள், மஞ்சள் குடத்தோடு.
முதல் கை தண்ணீரை
முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிடிப்பாள்.
எட்டு. ஒன்பது. பத்து.
பதினொன்றில் நிமிர்ந்தேன்.
“இன்னும் மூணு சுத்து கீது, லாசரண்ணா.”

உனக்கெப்படித் தெரியும் என்று
கேட்க நினைத்தேன்.
திருகி முடிப்பதற்குள்
மறந்துபோனது.