பத்துக்குப் பதினைந்து

நாரின் சந்தைக்குப் பின்பக்கம்
மருந்துக்கடைக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவில்
ஒரு கதவு அகலத்தில் என் கடை.
ஃபோனில் இருப்பதைத் தாளில் இறக்கித் தருகிறேன்.
பத்துக்குப் பதினைந்து, இருபது சோம்.
சட்டம் போட்டால் தனிக் காசு.

கல்யாணப் படங்கள் எனக்கு வருவதில்லை.
அவை பிஷ்கெக் வரை போய்
தங்க ஓரம் கட்டிக்கொண்டு திரும்புகின்றன.

போன வாரம் ஒருவர்
கையுறையைப் பல்லால் உருவிவிட்டு
ஃபோனை நீட்டினார்.
ஒரு சுவர்.
ஆள் இல்லை, ஆணி இல்லை, காலண்டர்கூட இல்லை.
இதில் நீங்கள் எங்கே என்று கேட்டேன்.
"பூசியது நான்தானே" என்றார் மைராம்பெக்.
மூன்று குளிர்காலம் தாண்டிவிட்டதாம்,
மயிரிழை விரிசல் இல்லையாம்.
வெள்ளையை வெள்ளையாகக் கொண்டுவருவது
லேசுப்பட்ட காரியமில்லை.
முதல் தாளில் நீலம் பாய்ந்தது
இரண்டாவது, காமாலை கண்டதுபோல்.
நாலாவதில்தான் சுவர் சுவராயிற்று.
ஒன்றுக்குத்தான் காசு கேட்டேன்.
நாலுக்கும் கொடுத்தார்,
நாலையும் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டார்.

யாரும் என்னிடம் பெருமை என்ற சொல்லைச் சொன்னதில்லை.
"சும்மாதான், ஒரு பிரதி" என்கிறார்கள்.
பார்வை மட்டும் அச்சு எந்திரத்தின் வாயிலேயே இருக்கும்,
பிரசவ அறைக் கதவைப் பார்ப்பதுபோல்.

மைனஸ் முப்பத்தாறு காட்டும் ஒரு மினிபஸ் முகப்பு:
"முதல் சாவியிலேயே கிளம்பிவிட்டாள்."
ஓட்டுநர் பெயர் சொல்லவில்லை,
வண்டியின் பெயரைச் சொன்னார்.

ஜாங்கில் கொண்டுவந்த படத்தில்
பதிவு அலுவலக வாசல்,
கையில் படபடக்கும் ஒரு காகிதம்,
முகம் முழுக்க முடி.
விவாகரத்து முடிந்து
தகப்பன் பெயர் திரும்பக் கிடைத்த நாளாம்.
முகம் தெரிகிற மாதிரி வேறு இல்லையா என்றேன்.
"அன்றைக்கு நல்ல காற்று" என்றாள்.
அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

புருல்சா வந்தபோது மின்சாரம் போய்விட்டிருந்தது.
ஒரு மணி நேரம் காத்திருந்தோம்,
மூச்சுப் புகையைப் பார்த்துக்கொண்டு.
அவள் படத்தில் ஒரு சாம்பல் நிற ஹோண்டா,
ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்க
ஒரு கால் உள்ளே, ஒரு கால் பனியில்.
வயது ஐம்பத்தாறு, உரிமம் வாங்கி இரண்டு நாள்.
ஆனால் படத்தின் வலது பாதியில்
ரத்தச் சிவப்பாய், மங்கலாய்
ஒரு பெருவிரல்.

மின்சாரம் வந்ததும் என் வழக்கப்படி
விரலை வெட்டிச் சரிசெய்யப் போனேன்.
"தொடாதே" என்றாள்.
"பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங் என்று
பதினெட்டு வருஷம் மேசையைத் தட்டிய கை அது.
படம் எடுக்கச் சொன்னதும்
ஃபோனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல்
நடுங்கியது.
விரலும் விழட்டும்."

விழுந்தது.
அவளைவிட விரல் தெளிவாக வந்திருந்தது,
ரேகை உட்பட.
சட்டத்துக்கும் சேர்த்துக் காசு வைத்தாள்.
வெளியே கார் கிளம்பும் சத்தம்,
நின்றுபோகும் சத்தம்,
மறுபடி கிளம்பும் சத்தம்.

நேற்று என் எந்திரத்தின் உருளை சிக்கிக்கொண்டது.
ஓஷிலிருந்து ஆள் வர ஐந்து நாள் என்றார்கள்.
ராத்திரி கதவைச் சாத்திவிட்டு
நானே பிரித்தேன்.
வரிசை தவறாதிருக்க, கழற்றியதையெல்லாம்
ரொட்டி சுற்றிய துணியில் பரப்பி வைத்தேன்.
விடியும்போது மாட்டி முடித்தேன்.
ஓடுகிறது,
முன்னைவிடச் சத்தம் குறைவு.
ஒரே ஒரு திருகு மட்டும்
போக இடம் இல்லாமல் மிஞ்சிவிட்டது.

அதை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்தேன்.
நகத்தில் மை, ரேகையில் கிரீஸ், நடுவில் திருகு.
தாள் வெளியே வரும் நேரம் பார்த்து
மருந்துக்கடைக்காரி தலையை நீட்டினாள்.
என்ன படம் அது?

சும்மா, என்றேன்.

திருகு இழுப்பறையில் கிடக்கிறது.
சில்லறை எடுக்கத் திறக்கும்போதெல்லாம்
ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு
உருண்டு ஓடுகிறது.