முதல் ஆள்

விடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது
பெல் மார் கரையில் எங்கள் ஓட்டலுக்கு எதிரே உள்ள மணலை
மருதை அழிக்கத் தொடங்குவார்.

நேற்றைய தேனிலவுக்காரர்கள் வரைந்த இதயம்,
ஒற்றைச் செருப்பு, நாய் ஓடிய தடம்,
இரவு ஓதம் கொட்டிவிட்டுப் போன பாசி,
எல்லாம் தள்ளுவண்டியில் ஏறிவிடும்.
பிறகு முள்வாரியைப் பிடித்தபடி
பின்னோக்கி நடப்பார்
தன் காலடியைத் தானே வாரிக்கொண்டு.
சவுக்கு மரங்களை முதுகு தொடும்போது
அந்தக் கரையில் அன்றுவரை
யாருமே நடந்ததில்லை.

ஆறு மணிக்கு ஒருவர் இறங்கி வந்து
"நான்தான் முதல் ஆள்" என்று சிலிர்ப்பார்.
சீசனில் ஒரு வாரத்துக்கு
ஏழு முதல் ஆட்கள்.

நான் லாபியில் சிரிப்பவள்.
சிரிப்புக்கு நடுவே குறித்துக்கொள்பவள்.
107: பல்லி என்றால் பயம்.
212: கணவருக்கு இரண்டாவது கோப்பை உண்டு, மனைவி எதிரில் கிடையாது.
305: போன வருடம் அம்மாவும் வந்திருந்தார். கேட்க வேண்டாம்.
அடுத்த முறை வரும்போது
கேட்காமலே தலையணை மாறியிருக்கும்,
மேசையில் மூன்றாவது நாற்காலி இருக்காது.
"எப்படித்தான் நினைவு வைத்திருக்கிறீர்களோ!"
எங்கே வைத்தேன்?
கணினியில் ஏற்றிவிட்டு மறந்துவிடுவேன்.
இல்லாவிட்டால் இந்தத் தலை தாங்குமா?

பெர்த்திலிருந்து வந்தாள் இமொஜென், வயது ஏழு.
இங்கே இருட்டு ஐந்து மணி என்றால்
அவள் உடம்புக்குள் காலை ஒன்பது.
கொட்டாவி விடும் அப்பாவை இழுத்துக்கொண்டு
இரவு உடையோடு மணலுக்கு வந்தவள்
மருதையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
பக்கத்தில் போய் நின்று
அவளும் பின்னோக்கி நடந்தாள்.
மூன்று முறை விழுந்தாள். அவர் தூக்கிவிடவில்லை,
விழுந்த பள்ளத்தை மட்டும் வாரினார்.
ஐந்து நாள் இப்படி.

அவளுக்கென்று நாங்கள் திட்டமிட்டவை:
கண்ணாடி அடித் தோணி, ஆமை உருவில் கேக்,
படுக்கையில் துண்டால் மடித்த அன்னம்,
தீப்பந்த வெளிச்சத்தில் சேகா நடனம்.
போகும் அன்று கருத்துத் தாளில்
அவள் வரைந்தது ஒரு குச்சி மனிதரை.
கீழே, எழுத்துப் பிழையோடு:
இவர் தன்னையே அழிக்கிறார், ரொம்ப நன்றாக.

மேனேஜர் அதைக் கூட்டத்தில் உயர்த்திக் காட்டினார்.
ஒரு மாதத்தில் நிகழ்ச்சிப் பட்டியலில் ஏறிவிட்டது:
செவ்வாய், வெள்ளி, சூரியன் எழும் நேரம்,
நான்கு முதல் பன்னிரண்டு வயது வரை, கட்டணமில்லை.
மஞ்சள் நிறத்தில் பன்னிரண்டு குட்டி வாரிகள் வாங்கினோம்.
'தீவு கண் விழிக்குமுன்
அதற்கு ஒரு புதுப் பக்கம் கொடுங்கள்.'
அந்த வாக்கியம் என்னுடையது.
எனக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது,
மருதைக்கு வைக்கோல் தொப்பி.

அந்த இரண்டு நாளும்
அவர் நாலரைக்கே வந்து மொத்தக் கரையையும் வாரிவிடுகிறார்,
கண்ணாடி ஓட்டல் உண்டு, முள் உண்டு, குழந்தைகள் அல்லவா.
வாரி முடித்ததும் நல்ல பாசியாகப் பொறுக்கிக்
கொஞ்சம் திரும்பத் தூவுகிறார்
அவர்கள் வாருவதற்கு.

கோபமா என்று கேட்டேன்.
"தூவுவதுதான் சிரமம்" என்றார்.
"கடல் போட்ட மாதிரி இருக்கணுமே."

ஞாயிறு அவருக்கு விடுமுறை.
வேலிக்கு அப்பால் பொதுக் கரையில் பார்த்தேன்:
பிரியாணிச் சட்டி, பாட்டுப் பெட்டி, மச்சான்கள்,
கடலுக்கு முதுகு காட்டிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்.
சுற்றிலும் நூறு காலடி.
ஒன்றைக்கூட அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு அறை எண் இல்லை.
கணினி ஏற்றுக்கொள்ளாது.
அதனால் இங்கே:
மருதை. தேநீரில் மூன்று சர்க்கரை.
தொப்பி பிடிக்காது, சொல்லமாட்டார்.
வலது முழங்கால்
பின்னோக்கி நடந்தால் வலிப்பதில்லையாம்,
நேராக நடந்தால்தான்.