தோய்க்கும் நாள்

பேரம்பலம் மூன்று நாளாகக் கதவடியில் நிற்கிறார்.
ஒரு கையில் குடை.
மற்றக் கையில் என்ன என்று
நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.
அவர் வெளிக்கிட்டால்தான் பதினோராம் அத்தியாயம் முடியும்.
ஆள் அசைகிறார் இல்லை.

ஒல்டனில் நவம்பர்.
ஆரே ஆறு கீழே ஓடுகிறதென்று நம்பித்தான்
பாலத்தால் நடக்கிறோம்.
வெயில் வேண்டுமென்றால் மலையேறிப் போய்ப்
பார்த்துவிட்டு வருகிறார்கள்,
ஆசுபத்திரியில் ஆள் பார்க்கப் போவதுபோல.

சின்னவளைப் பள்ளிக்கு அனுப்பினால் ஏழரை.
ஏழரையிலிருந்து பத்து மணிவரை நான் எழுத்தாளர்.
அதற்குள்தான் உலை கொதிக்கும், காப்புறுதிக்காரன் எடுப்பான்,
சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் குரல்செய்தி போடுவார்:
"மேடம், பக்கம் நாற்பதில் அலவாங்கு என்று வருகிறதே,
அது ஆயுதமா, பாத்திரமா?"
கடப்பாரை, ஐயா.
போன புத்தகத்துக்கு அவர் அனுப்பிய காசு
இருபத்து மூன்று பிராங்.
அதில் இரண்டு கோப்பி குடித்தேன், ஒரு கேக்கோடு.
மிச்சம் வந்தது.

நான்கு மணிக்கு ஹேர்க்கிங்கன் பஸ்.
தபால் பிரிக்கும் மண்டபத்தில்
இயந்திரம் வாசிக்க மறுத்த விலாசங்கள் என் திரைக்கு வரும்.
நனைந்த எழுத்து. நடுங்கிய எழுத்து.
இலக்கம் இல்லாமல்
'தேவாலயத்துக்குப் பின்னால், பச்சை வீடு'
என்று முடிகிற எழுத்து.
ஒன்றுக்கு நான்கு வினாடி.
அதற்குள் ஒரு மனிதரை ஊகித்து
ஒரு தெருவில் குடியேற்ற வேண்டும்.
இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

களவும் எடுப்பதுண்டு.
முழு ஆளாக இல்லை;
ஒருத்தியின் கையெழுத்து, இன்னொருத்தனின் ஊர்.
"திரையைப் பார்த்து ஏன் சிரிக்கிறாய்?" என்பான்
பக்கத்து இருக்கை ப்ளேரிம்.
அவனுடைய தாடையை ஏற்கெனவே
இரண்டாம் அத்தியாயத்தில் பாவித்துவிட்டேன்.
அவனுக்குத் தெரியாது.

செவ்வாய் இரவு, இடைவேளையில், அது வந்தது.
பேரம்பலம் ஏன் போகவில்லை என்பதற்கான வசனம்.
வேலை அட்டவணையைக் கிழித்து
அதன் பின்பக்கத்தில் எழுதி, வெட்டி, எழுதி
காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

புதன் எங்கள் வீட்டுத் தோய்க்கும் நாள்.
பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஏழிலிருந்து பன்னிரண்டு.
தவறவிட்டால் இந்த நாட்டில்
மன்னிப்பு உண்டு, மறதி இல்லை.
அரை நித்திரையில் எல்லாவற்றையும் அள்ளி
அறுபது பாகையில் போட்டேன்.
காற்சட்டையையும்.

பத்தரைக்கு நினைவு வந்தபோது
வசனத்தில் எனக்கு மிஞ்சியது
அதன் நீளம் மட்டும்.

பின்னேரம் மணி அடித்தது.
கீழ்வீட்டு நூன்லிஸ்ட் அம்மா.
நிலவறையில் பஞ்சு கிடந்தது என்று சொல்லத்தான் வருவார்.
இன்று கையில் ஒரு பேக்கிங் தட்டு.
வடிகட்டியில் அகப்பட்ட துண்டுகளைப்
பழைய நாளிதழில் பரப்பிக் காயவைத்திருந்தார்.
தெரியாத மொழி;
பாதி தலைகீழ், முதலும் முடிவும் இடம் மாறி.
"முக்கியமான கடிதமோ?"
"இல்லை. சாமான் பட்டியல்."
கண்ணாடியை இறக்கிக் குனிந்து பார்த்தார்.
"பட்டியலுக்கு இத்தனை வெட்டா?"

என்னிடம் பதில் இல்லை.
அவரும் போகவில்லை.
நிலவறைத் திறப்பு அவர் கையில் இருந்தது,
அடுத்த முறைக்காரரிடம் கொடுக்க வேண்டியது.
அதை வைத்துக்கொண்டு
எங்கள் வாசலில் நின்றுகொண்டேயிருந்தார்.
உள்ளே வரச் சொல்ல
ஏழு வருடத்தில் எனக்கு இன்றுதான் தோன்றியது.
தேத்தண்ணியில் சீனி கூட என்றார். குடித்தார்.

அன்று பஸ்ஸில், தொலைபேசியில், பெருவிரலால்
பேரம்பலத்தின் மற்றக் கைக்குள்
ஒரு திறப்பை வைத்தேன்.
அவருடையது இல்லை.
யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போவார்.
போகட்டும்.

சென்னை கேட்கும்:
திறப்பு என்றால் சாவியா, மேடம்?
ஓம்.